பூட்டு நம் வீட்டுக்கு மட்டும்தானா?

(வட்டாரக் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

 

நெல் கொள்முதல், கூட்டுறவுக் கடன், கரும்பு பாக்கி பற்றியெல்லாம் எங்களுக்கு முன்னால் பேசிய நண்பர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் பேச வந்திருப்பது நம் வீட்டுக்குள்ளே இருக்கிற ஒரு விஷயம். வயலுக்கு அடித்துவிட்டு மிச்சம் வைத்திருக்கிறோமே பூச்சி மருந்து, அது இந்த நேரத்தில் உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது? யோசித்துப் பாருங்கள். பரணிலா? கட்டிலுக்கு அடியிலா? மாட்டுக் கொட்டகைச் சுவர் மாடத்திலா? அடுக்கி வைத்த விறகுக்குப் பின்னாலா? அதே வீட்டில் தவழுகிற பிள்ளை இருக்கு. எட்டாவது படிக்கிற பொண்ணு இருக்கு. பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையன் இருக்கான்.

"இதெல்லாம் ஒரு கோரிக்கையா, கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நிற்கிற விஷயமா" என்று சிலர் நினைக்கலாம். கோரிக்கைதான். ஏன் என்று சொல்கிறோம்.

மலையடிவாரத்து விவசாயி ஒருவர் காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல், பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்டால் என்ன நடக்கும்? 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி மனுப் போட வேண்டும். போலீஸ் விசாரணை வரும். கிடைத்த லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். எலெக்‌ஷன் வந்துவிட்டால் ஸ்டேஷனில் கொண்டுவந்து ஒப்படை என்பார்கள். கேட்கட்டும், கேட்க வேண்டியதுதான். குண்டு ஏற்றிய துப்பாக்கியை மூலையில் சாத்தி வைக்கிற வீட்டில் பிள்ளை வளரக்கூடாது. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில், இரண்டு சாவியும் பெரியவர் இடுப்பில். அப்படித்தான் இருக்கணும். பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காய் சட்டத்துக்கே விரோதமானது. தின்பண்டம் என்று நினைத்து ஒரு பிள்ளை அதைக் கடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அது எந்த வீட்டிலும் ஒரு ராத்திரிகூட இருக்கக் கூடாது. இதில் சங்கத்துக்கு இரண்டு கருத்து இல்லை.

சரி. அதே விவசாயி டவுனுக்குப் போய், ஒரு வீட்டையே காலி பண்ணக்கூடிய விஷத்தை ஒரு லிட்டர் கேட்டால்? பெயர் எழுத மாட்டார்கள். எங்கே வைப்பாய் என்று கேட்க மாட்டார்கள். பல கடைகளில் பில்கூடத் தர மாட்டார்கள். ஒரு கேரி பேக்கில் போட்டுக் கொடுப்பார்கள். அதை பஸ்ஸில் காய்கறியோடும், பிள்ளைக்கு வாங்கின மிக்சர் பொட்டலத்தோடும் மடியில் வைத்துக் கொண்டுவருவோம்.

விற்கிறவனுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1971இல் அதற்கு விதிகள். வேறு சரக்கு வைக்கிற இடத்திலிருந்து பிரித்துத் தனி அறையில் வைக்க வேண்டும், அல்லது தனி அலமாரியில் பூட்டுப் போட்டு வைக்க வேண்டும் என்று அந்த விதியிலேயே இருக்கிறது. கடையில் இருக்கும்வரை பூட்டு. நம் கைக்கு வந்த பிறகு என்ன? டப்பாவோடு வருகிற துண்டுச் சீட்டில், எறும்பு சைஸ் எழுத்தில், "குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்" என்று ஒரு வரி. அதோடு கம்பெனியின் கடமை முடிந்தது!

முதலில் இந்த "மருந்து" என்ற சொல்லையே கொஞ்சம் பாருங்கள். காய்ச்சல் வந்தால் பிள்ளையிடம் "மருந்து குடிடா கண்ணு, சரியாயிடும்" என்கிறோம். வயலுக்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம். மூணு வயசுப் பிள்ளைக்கு இரண்டும் ஒரே சொல். பாட்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். குருணை மருந்து கலர் மணல் மாதிரி இருக்கு. மருந்து கலந்த விதை சிவப்பாக, ரோஸ் கலராக, மிட்டாய் மாதிரி இருக்கு. எலிப் பசையை பிஸ்கட்டில் தடவி வைக்கிறோம், தேங்காய்ச் சில்லில் தடவி வைக்கிறோம். எலிக்கு ருசி என்றால் பிள்ளைக்கு ருசி இல்லையா? வீட்டில் இனிமேல் இதை விஷம் என்றே சொல்லுங்கள். பிள்ளை காதில் அந்தப் பெயர்தான் விழணும்.

டப்பாவில் ஒரு சாய்ந்த சதுரக் கட்டம் இருக்கும். சிவப்பு இருந்தால் மிகக் கொடிய விஷம், மேலே மண்டையோடு போட்டிருக்கும். அதற்கு அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் பாதுகாப்பு என்று அர்த்தம் இல்லை, விஷம் குறைவு என்றுதான் அர்த்தம். படிக்கத் தெரியாத நம் பெரியவர்களுக்கும் இந்தக் கலர் புரியும். ஆனால் டப்பாவை விட்டு வேறு பாட்டிலுக்கு ஊற்றிவிட்டால் கட்டம் ஏது, மண்டையோடு ஏது?

"அண்ணே, ரெண்டு டேங்குக்கு மட்டும் மருந்து கொடுங்க, அடுத்த வாரம் திருப்பித் தர்றேன்" என்று பக்கத்துக் காட்டுக்காரர் வருவார். நாமும் குவார்ட்டர் பாட்டிலிலோ, தண்ணி பாட்டிலிலோ, கலர் சோடா பாட்டிலிலோ ஊற்றிக் கொடுப்போம். நல்ல மனசுதான். ஆனால் ஊரில் சின்னப் பிள்ளைகள் விஷம் குடித்துவிட்டதாகச் சேதி வரும்போதெல்லாம், பெரும்பாலும் பின்னால் இப்படி ஒரு பாட்டில் இருக்கும்.

காலி டப்பாவும் அப்படித்தான். பீகாரில் சாப்ரா பக்கம் கண்டாமன் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் 2013 ஜூலை 16ஆம் தேதி மதியச் சாப்பாடு சாப்பிட்ட 23 பிள்ளைகள் செத்துப்போனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது என்று சோதனையில் தெரிந்தது. நம் பருத்திக் காட்டிலும் நெல் வயலிலும் வருஷக்கணக்காக அடித்த அதே மருந்துதான். எண்ணெய் இருந்தது பூச்சி மருந்து வந்த டப்பாவில் என்று அப்போது சொன்னார்கள். அந்த டப்பாவைக் கழுவிக் கழுவி அரிசி அளக்கவும் உப்புப் போட்டு வைக்கவும் வைத்திருக்கிற வீடுகள் நம் பக்கமும் உண்டு. தாய்மார்களே, எத்தனை தரம் கழுவினாலும் அது சாப்பாட்டுப் பாத்திரம் ஆகாது. மருந்து தீர்ந்ததும் மூணு தடவை அலசி, அலசின தண்ணியை அதே ஸ்பிரேயர் டேங்கில் ஊற்றி அடித்துவிட்டு, டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை டப்பாவை யாரும் எடுத்துப் புழங்க முடியாது.

இதைச் சொன்னால் அதிகாரிகள் என்ன சொல்றாங்க? "விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை." முகாம் போடுகிறார்கள், டீயும் பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். நாங்கள் கேட்கிறோம், மிச்ச மருந்து ஏன் வீட்டுக்கு வருகிறது? அரை ஏக்கர் கத்தரி வைத்தவனுக்கு ஒரு தடவைக்கு வேண்டியது 100 மில்லி, 150 மில்லி. கடையில் அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டிலைத்தான் முன்னால் எடுத்து வைக்கிறான். சின்ன பாட்டில் கேட்டால் ஸ்டாக் இல்லை, இருந்தாலும் மில்லிக் கணக்குப் பார்த்தால் விலை அதிகம். ஐம்பது சென்ட்காரன் பெரிய பாட்டிலை வாங்கி, பாதியை வீட்டில் வைத்து, அடுத்த போகம்வரை காவல் காக்கிறான். பத்து ஏக்கர்காரனுக்கு மிச்சமே இருக்காது, இருந்தாலும் வைக்கத் தோட்டத்தில் மோட்டார் ரூம் இருக்கும். ஆபத்து சிறு விவசாயி வீட்டில்தான் வந்து உட்காருகிறது!

"தனி அறையில் பூட்டி வை" என்கிறார்கள். எந்த அறை? தொகுப்பு வீட்டில் இருப்பதே ஒரு ரூம். அதில்தான் சமையல், அதில்தான் படுக்கை, அதில்தான் விதை நெல், அதில்தான் மருந்தும். குத்தகைக்காரனுக்கும் கூலிக்கு மருந்து அடிக்கிறவனுக்கும் மோட்டார் ரூம் சாவி யார் கொடுப்பார்கள்?

ஆனாலும், அரசாங்கம் செய்கிறவரை நம் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. ஆகவே இன்றைக்கே செய்யக்கூடியதைச் சொல்கிறோம். மிச்சம் இருந்தே தீரும் என்றால், மூடி இறுகின பழைய ட்ரங்குப் பெட்டி ஒன்று போதும். அதில் வைத்துப் பூட்டி, வீட்டுக்கு வெளியே, மழையும் வெயிலும் படாத இடத்தில், பெரியவர் தலை உயரத்துக்கு மேல் வையுங்கள். பரண் வேண்டாம். கீழே இருப்பது அடுப்படி, ஒழுகினால் சோற்றில் விழும். சாவியை ஆணியில் மாட்டினால் பூட்டிப் பிரயோஜனம் இல்லை, ஸ்டூல் போட்டு ஏறுகிற பிள்ளைக்கு ஆணி எட்டும். விதை, உரம், மாட்டுத் தீவனம் எதுவும் அந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது. எந்த மருந்தும் அதன் சொந்த டப்பாவை விட்டு வெளியே வரக் கூடாது. பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டால், அவர் ஸ்பிரேயரோடு வரட்டும், அளந்து நேராக டேங்கில் ஊற்றிக் கொடுங்கள்.

எலிக்கும் தானியத்துக்கும் வைக்கிற மாத்திரை இன்னொரு விதம். அதைத் தின்ன வேண்டியதே இல்லை, காற்றில் வருகிற புகையே போதும். 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் ராத்திரி தூங்கின இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். நெல் மூட்டைக்குள் மாத்திரை போட்டு அதே ரூமில் படுக்கிறவர்கள் இதை நினைத்துப் பாருங்கள். அந்த மாத்திரை சாதாரண வீட்டுக்கு விற்கப்பட வேண்டிய சரக்கே இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பூட்டு மட்டும் போதுமா?

இலங்கையில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். அனுராதபுரம் பக்கம் 180 கிராமங்கள், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் போடுகிற பெட்டி கொடுத்தார்கள், பாதியில் கொடுக்கவில்லை. மூணு வருஷம் கணக்கெடுத்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. பதினாலு வயசும் அதற்கு மேலும் உள்ளவர்கள் மனசு உடைந்து விஷத்தைத் தொடுவது, பெட்டி கொடுத்த ஊரில் குறையவில்லை. ஏன் குறையும்? தவழுகிற பிள்ளைக்குப் பூட்டு தடை. பதினாறு வயசுப் பையனுக்குச் சாவி இருக்கிற இடம் தெரியும். பூட்டு இல்லாத பெட்டியும் பலர் வீட்டில் இருந்திருக்கும். அப்படியே பூட்டியிருந்தாலும் கடை திறந்துதானே இருக்கு?

அதே இலங்கையில் வேறொன்றும் நடந்தது. மோனோகுரோட்டோபாஸ் மாதிரியான மிகக் கொடிய மருந்துகளை 1995இலும், எண்டோசல்பானை 1998இலும், பாராகுவாட் முதலான சிலவற்றை 2008க்குப் பிறகும் படிப்படியாக நாட்டை விட்டே வெளியேற்றினார்கள். 1995க்கும் 2015க்கும் நடுவில் அந்த நாட்டில் தற்கொலைச் சாவு விகிதம் ஏறக்குறைய எழுபது சதவீதம் குறைந்தது. நெல் விளைச்சல் குறைந்ததா? அந்தத் தடைகளால் குறையவில்லை. ஜனங்களுடைய கஷ்டமும் கோபமும் அப்படியேதான் இருந்தது. வேகத்தில் கை நீட்டின இடத்தில் உயிரை எடுக்கிற அந்த விஷம் இல்லை. அந்த ஒரு ராத்திரி கடந்துவிட்டால், பெரும்பாலானவர்கள் மறுபடி அந்தப் பக்கம் போவதில்லை.

நம் பக்கத்திலேயும் ஒரு முயற்சி நடந்திருக்கு. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம் இரண்டு கிராமங்களில், சென்னையில் இருக்கிற சிநேகா அமைப்பினர் ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம் கட்டி, உள்ளே பேங்க் லாக்கர் மாதிரி பெட்டிகள் வைத்தார்கள். விவசாயி மருந்தை அங்கே வைப்பார், அடிக்கிற அன்றைக்கு எடுப்பார், மிச்சத்தைத் திருப்பி வைப்பார். அந்த ஊர்களில் மருந்தால் வந்த சாவும் முயற்சியும் குறைந்தது என்று 2013இல் அறிக்கை வெளியிட்டார்கள். இரண்டு ஊர் கணக்கை வைத்து எல்லாம் முடிந்தது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் விவசாயி ஒத்துழைக்க மாட்டான் என்ற பேச்சு பொய் என்று அது காட்டிவிட்டது.

இரண்டு ஊருக்கு ஒரு தொண்டு நிறுவனத்தால் முடிந்தது அரசாங்கத்தால் முடியாதா? தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேல் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கு. சொசைட்டிக்கு குடோன் இருக்கு, வாட்ச்மேன் இருக்கார். ஒரு மூலையில் இரும்பு அலமாரி வைத்து, கிராமத்துக்கு இவ்வளவு லாக்கர் என்று ஒதுக்க எவ்வளவு செலவாகிவிடும்? குடோன் தூரமாக இருக்கிற ஊருக்குப் பஞ்சாயத்து இடத்தில் ஒரு சின்ன ரூம் போதும்.

தடை விஷயத்திலும் அரசாங்கம் ஆமை வேகம்தான். போரேட், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் இவையெல்லாம் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றன. உத்தரவு போட்டது 2018இல். இரண்டு வருஷம் விற்றுத் தீர்க்க அவகாசம்! மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீத மருந்தை நிறுத்த 2023இல்தான் உத்தரவு வந்தது. சாப்ராவில் 23 பிள்ளைகள் செத்துப் பத்து வருஷம் கழித்து! அதிலும் இருப்பை விற்க ஒரு வருஷம் கொடுத்தார்கள். மாநில அரசு தானாகத் தடுக்க நினைத்தால், பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் 60 நாள்தான் அதிகாரம், மேற்கொண்டு 30 நாள் நீட்டலாம். மாவுப்பூச்சி போய் இன்னொரு பூச்சி வருகிறதுக்குள் தடை முடிந்துவிடும். மஞ்சள் பாஸ்பரஸ் எலிப் பசைக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கு. ஆனால் மளிகைக் கடையில் "ஒரு டியூப் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள், கிடைக்கிறதா இல்லையா என்று நீங்களே வந்து சொல்லுங்கள்.

அந்தப் பசையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதைத் தின்ற பிள்ளை முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டு, அடுத்த ஒன்றிரண்டு நாள் நன்றாக விளையாடும். சரியாயிடுச்சு என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவோம். அப்புறம்தான் ஈரல் கெடும். டாக்டர் போகலாம் என்று சொல்கிறவரை ஆஸ்பத்திரியை விட்டு நகராதீர்கள். எந்த விஷமாக இருந்தாலும் உப்புத் தண்ணி, சாணித் தண்ணி, புளித் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போனால் அதுவே ஆளைக் கொன்றுவிடும். உடுப்பைக் கழற்றி, மேலே பட்டதைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். குடித்த பாட்டிலையோ பொட்டலத்தையோ கையோடு எடுத்துப் போங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான மாற்று மருந்து போட முடியும். கேஸ் ஆகிவிடும் என்று பயந்து எதையும் மறைக்காதீர்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளையோ பெரியவரோ மனசு உடைந்து பேசினால், விஷத்தை அன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். 104க்கோ 14416க்கோ போன் போட்டால் பேச ஆள் இருக்கிறார்கள்.

இனி கோரிக்கை. சிவப்புக் கட்டம் போட்ட எல்லா மருந்தையும் நாட்டிலேயே விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவிக்க வேண்டும். அதற்குப் பதிலாக அடிக்கக்கூடிய, விஷம் குறைந்த மருந்தை மானியத்தில் சொசைட்டி மூலம் கொடுக்க வேண்டும். மாற்று இல்லாமல் தடை மட்டும் போட்டால் பயிரை யார் காப்பாற்றுவது? எல்லா மருந்தும் ஐம்பது, நூறு மில்லி பாட்டிலில், மில்லிக் கணக்கில் ஒரே விலையில் வர வேண்டும். மூடி பிள்ளைகளால் திறக்க முடியாததாக இருக்க வேண்டும். காலி டப்பாவையும் காலாவதியான மருந்தையும் விற்ற கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மளிகைக் கடையிலும் லூசிலும் விற்கிறவர்கள் மேல் நடவடிக்கை வேண்டும். ஒவ்வொரு கிராமத்துக்கும் பொது லாக்கர் வேண்டும், சாவி வைத்திருக்கிற பொறுப்பில் விவசாயிகளும் இருக்க வேண்டும்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இந்த மனுவைக் கலெக்டரிடம் கொடுக்கிறோம். வருகிறவர்கள் வெறுங்கையோடு வராதீர்கள். கடைசியாக மருந்து வாங்கின பில்லை எடுத்து வாருங்கள். பில் தராத கடை என்றால் மருந்தின் பெயர், பாட்டில் அளவு, வாங்கின தேதி, கொடுத்த பணம் இவற்றை ஒரு தாளில் எழுதி வாருங்கள். சின்ன பாட்டில் கேட்டு இல்லை என்று சொன்னதையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கிளைச் செயலாளரிடம் சொன்னால் எழுதித் தருவார். எல்லாத் தாளையும் மனுவோடு சேர்த்துக் கட்டி, எத்தனை என்று எண்ணிச் சொல்லி, ரசீது வாங்கிக்கொண்டுதான் திரும்பப் போகிறோம். பஸ் காலை எட்டு மணிக்கு சொசைட்டி வாசலில் நிற்கும்.